கறையான் தின்னாத பொத்தான்

என் அன்பு மகனுக்கு,

உன்னுடைய கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. வந்த அன்று பின்னேரம் அம்மா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருக்க, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தேன். கலியாணப் பதிவு அடுத்த மாதக் கடைசியில் என்றதும் அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பெண் அளவெட்டிப் பிள்ளை, சின்ன வயதிலேயே நோர்வேக்கு வந்துவிட்டவள், ஆனாலும் பிட்டு அவிப்பாள் என்று எழுதியிருந்தாய். அதற்குச் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் நீ இப்படி எழுதியிருந்தாய்: "அம்மப்பாவின் கோட்டைக் கறையான் தின்றுவிட்டது என்று தெரியும். அது இருந்திருந்தால் அதைத்தான் பதிவுக்குப் போட்டிருப்பேன். அதிலிருந்த ஒரு பொத்தானாவது மிஞ்சியிருந்தால் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்."

நான் வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.  அம்மா மெதுவாகக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, கறையான் பொத்தானைத் தின்னுமோ?"

ஆறு வருடமாக ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். பரீட்சையிலும் எனக்கு இதே கதைதான், ஆயத்தம் பண்ணிக்கொண்டு போன கேள்வி ஒன்றும் வராது. "பசிச்சால் எல்லாம் தின்னும்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். குளிக்கப் போன மனிதன் மூன்று வாளி தண்ணீரை அள்ளி மூன்றையும் வாழைக்கு ஊற்றிவிட்டு நனையாமல் திரும்பி வந்ததை அம்மா கவனித்தாளோ தெரியாது. தம்பி, அந்தக் கோட்டைக் கறையான் தின்னவில்லை. நான்தான் வெட்டினேன். எனக்குத் தொப்பி தைக்க வெட்டினேன். இதை உனக்குச் சொல்லாமல் உன் கலியாணத்துக்கு வாழ்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம், இவ்வளவு பிந்தியது.

இதெல்லாம் என் மொட்டையில்தான் தொடங்கியது. உனக்குப் பதினாறு வயதாகும்போது என் தலையில் காதுக்கு மேலே இரண்டு கரையும்தான் மிச்சம். புடவைக்கடையில் நாள் முழுக்கத் துணி அளந்து கிழிக்கிறவனுக்கு மொட்டை ஒரு குறையா என்று கேட்பாய். குறைதான். குனிந்து துணி அளக்கும்போது முன்னால் நிற்கிற பெண்கள் துணியைப் பார்க்காமல் என் உச்சியைப் பார்ப்பார்கள். எங்கள் விறாந்தைச் சுவரில் ஒரு படம் இருந்ததல்லவா, அம்மப்பா நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கராக இருந்த காலத்தில் எடுத்தது? அவர் அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். பக்கத்தில் தோட்டத்துத் துரை. வீட்டுக்கு வருகிற எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்கள். நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து துரையின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உச்சியில் ஒரு பொத்தான் வைத்து, முன்னால் குருவியின் அலகு மாதிரிக் குட்டையாய் ஒரு சொண்டு நீட்டிக்கொண்டிருக்கிற தொப்பி. துரையை எனக்குப் பிடிக்காது. தொப்பியைப் பிடித்தது.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய், எங்கள் கடைக்குப் பின்னால் மெஷின் போட்டிருந்த மரியதாசிடம் காட்டினேன். குருநகர் ஆள், கத்தோலிக்கர். சுவாமிமாரின் அங்கியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காற்சட்டையும் தைக்கிறவர். தொப்பி தைத்துப் பழக்கமில்லாதவர்.

"அண்ணை, இது தொப்பியோ, பூசணிக்காயோ?"

"எட்டுத் துண்டு, மரியதாஸ். உச்சியிலை ஒரு பொத்தான். ஏலாதெண்டால் சொல்லும்."

"ஏலும். ஆனால் தலையைக் கழற்றி என்னட்டைத் தந்திட்டுப் போங்கோ. வைச்சு வைச்சுப் பார்த்துத்தான் தைக்கவேணும்."

அவர் பகிடியாகச் சொன்னதை நான் உண்மையாக எடுத்துக்கொண்டேன். என் தலையைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து வெட்டிக்கொண்டு சந்தைக்குப் போய், மண்முட்டி விற்கிற மனிசியின் கடையில் ஒவ்வொரு முட்டியாக எடுத்து நூலைச் சுற்றிப் பார்த்தேன். "தயிருக்கோ, நெய்க்கோ ஐயா?" என்று கேட்டாள். "தலைக்கு" என்றேன். மனிசி மற்ற முட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். கடைசியில் ஒரு முட்டி நூலுக்குச் சரியாக வந்தது. மரியதாஸ் அதைக் கவிழ்த்து வைத்து, கரியால் என் பெயரை எழுதி, அதன் மேல்தான் எல்லாத் தொப்பியும் தைத்தார். "ஒரு விரல் போக இடம் விடவேணும் அண்ணை, இல்லாட்டித் தலைக்கு மூச்சு விடேலாது" என்பார். சொண்டு விறைப்பாக நிற்க உள்ளே எதை வைக்கிறது என்று யோசித்து, பழைய எக்ஸ்றே படத்தை வெட்டி வைத்தார். என் முதல் தொப்பியின் சொண்டுக்குள்ளே யாரோ ஒருவருடைய முழங்கை இருந்தது. வெயிலில் உயர்த்திப் பிடித்தால் தெரியும்.

அந்த நாட்களில் எனக்கு வாழ்க்கையில் இருந்த பெரிய சந்தோஷம் துணி தெரிவு செய்கிறதுதான். கடையில் வெட்டி மிஞ்சுகிற துண்டுகளை முதலாளி எனக்குத் தருவார். நான் அவற்றைக் கையில் கசக்கிவிட்டு விரித்துப் பார்ப்பேன். பொப்பிளின் கசங்கினால் கசங்கினதுதான், கோபித்துக்கொண்ட முகம் மாதிரி விரியாது. டெற்றோன் கசங்காது, ஆனால் பன்னிரண்டு மணி வெயிலில் தலையைத் தோசைக்கல்லாக்கிவிடும். கட்டம் போட்ட சாரத்துணிதான் எங்கள் வெயிலுக்குச் சொந்தக்காரன், வியர்வையைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆனால் தோய்க்காமல் தைத்துவிட்டால் முதல் தோய்ச்சலில் தொப்பி முட்டியின் பாதிக்குக் கீழே இறங்காது. அந்தத் தொப்பி உனக்கு நினைவிருக்கும், எங்கள் நாய்க்குப் போட்டு நீ படம் கீறினாய். ஒருமுறை பூப்போட்ட திரைச்சீலைத் துணி மிஞ்சியது. பெரிய சிவப்புப் பூ. நான் படலையைத் திறந்துகொண்டு வர அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்: "பிள்ளை, ஓடிவந்து பார், யன்னல் ஒண்டு நடந்து வருகுது!" நீ பள்ளிக்கூடத்தில் தொப்பிக்காரன் மகன் ஆனாய். அதற்காக நீ என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அடுத்த தொப்பிக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சைத் தொப்பியை நீ மறந்திருக்க மாட்டாய். தடித்த பருத்தித் துணி, மரத்தில் முற்றின இலையின் பச்சை. கையில் எடுத்தவுடன் மயங்கிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வர, வழியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். காவலில் நின்ற ஆமிக்காரன் என் தொப்பியைக் காட்டினான், தன் சட்டையைக் காட்டினான், பிறகு துவக்கை நிமிர்த்தினான். அப்போதுதான் இரண்டும் ஒரே பச்சை என்று நான் கண்டேன். இருபது வருடம் துணிக்கடையில் நின்றவன்! என் வாயில் தமிழும் வரவில்லை. நீ என் கையைப் பிடித்திருந்தாய். நான் ஒன்றும் யோசிக்காமல் தொப்பியைக் கழற்றினேன். மத்தியான வெயில் என் உச்சியில் பட்டுத் தெறித்திருக்க வேண்டும். பின்னால் நின்ற அவனுடைய மேலதிகாரி கண்ணைச் சுருக்கி ஒருதரம் பார்த்துவிட்டுச் சிரித்தான். போகச் சொல்லிக் கை காட்டினான். தொப்பி அங்கேயே நின்றுவிட்டது.  சந்தி தாண்டினதும் நீ சொன்னாய்: "எங்களைக் காப்பாத்தினது மொட்டைதான் அப்பா. அதைப் போய் ஏன் மூடிறியள்?"

அன்றையிலிருந்து பச்சையும் இல்லை, காக்கியும் இல்லை, வரி போட்ட எதுவும் இல்லை. மற்ற ஊர்களில் துணி எடுக்கிறவன் அந்த நிறம் தனக்குப் பொருந்துமா என்று பார்ப்பான். நாங்கள் அது வேறு யாருக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்படித் தள்ளித் தள்ளிப் பார்த்தால் மிஞ்சுகிற துணி கொஞ்சம்தான். கடைக்கு வருகிற சரக்கும் குறைந்துகொண்டே போனது. அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா ஒருநாள் றங்குப் பெட்டியைத் திறந்து அம்மப்பாவின் கோட்டை வெயிலில் போட்டாள். கையில் ஒரு பூச்சி ஓட்டை. "மரியதாஸ் தம்பியிட்டைக் குடுத்து இழை ஓடுவிச்சுக்கொண்டு வாங்கோ" என்று என் கையில் தந்தாள். பூனையின் கையில் கருவாட்டைக் கொடுத்து வெயிலில் காயவிடச் சொன்ன மாதிரி.

அந்தத் துணியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், நீ சின்ன வயதில் அதற்குள் புகுந்து ஒளிந்து விளையாடியிருக்கிறாய், ஆனால் அதைப் பார்த்திருக்க மாட்டாய். சாம்பலும் மண்ணிறமும் கலந்த கம்பளி. மீன்முள் மாதிரி நெய்தது, ஒரு முள் இந்தப் பக்கம் சாய, அடுத்தது அந்தப் பக்கம் சாயும். நிழலில் பார்த்தால் அவ்வளவுதான். வெயிலில் சரித்துப் பிடித்தால் நடுவில் ஒரு கரும்பச்சை நூல் தெரியும், உடனே மறைந்துவிடும். மரியதாஸ் அதைக் கையில் வாங்கிவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"அண்ணை, பூச்சி தின்ட கையை மட்டும் கழற்றி, வேறை துணியிலை கை போட்டுத் தரலாம். அந்தக் கைத்துணியிலை உங்களுக்குத் தொப்பி வரும்."

கையை மட்டும்தான் வெட்டச் சொன்னேன். கடவுளாணை, கையை மட்டும்தான். வெட்டி முட்டியின் மேல் வைத்துப் பார்த்தால் எட்டுத் துண்டும் எட்டுத் திசையில் கிடந்தன. மீன்முள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இப்படியான துணியில் எட்டுத் துண்டையும் ஒரே வாட்டத்தில் வெட்டினால்தான் முள்ளெல்லாம் உச்சிப் பொத்தானில் போய்ச் சேரும், நட்சத்திரம் மாதிரி. எனக்கு அந்த நட்சத்திரம் வேண்டியிருந்தது. "மற்றக் கையையும் வெட்டும்" என்றேன். அதுவும் காணவில்லை, இன்னும் துணி வேண்டியிருந்தது. "முன்பக்கத்தைக் கொஞ்சம்..." என்றேன். மரியதாஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணை, இனிக் கோட்டு இல்லை." நான் தலையாட்டினேன். தொப்பி வந்தது. என் வாழ்நாளில் நான் கண்ட வடிவான பொருட்களில் அது ஒன்று. உச்சியில் முள்ளெல்லாம் ஒன்று சேர்ந்து நின்றன. அதைத் தலையில் வைத்து மரியதாசின் உடைந்த கண்ணாடியில் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது. அடுத்த நிமிடம் வேறு மாதிரிக் குளிர்ந்தது. இதைப் போட்டுக்கொண்டு எங்கே போவேன்? எங்கள் வட்டுக்கோட்டையில் அந்தத் துணியைத் தெரியாத ஒரு சனம் இல்லை, சுவரில் படம் வேறு தொங்குகிறது.

அம்மாவிடம், கோட்டைக் கடையில் ஒரு பெட்டிக்குள் வைத்தேன், கறையான் தின்றுவிட்டது என்று சொன்னேன். தொப்பியை ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் வேப்பிலை போட்டு, மரியதாசின் மெஷின் மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஆறு வருடமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கத்தால் போய், எடுத்துப் போட்டு, கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பக் கழற்றி வைத்துவிட்டு வருவேன். கால் மணித்தியாலத் துரை. மரியதாஸ் ஒருநாள் சொன்னார்: "நான் பிழை செய்தால் சுவாமியாரிட்டைச் சொல்லி ஒரு பின்னேரத்திலை முடிச்சிடுவன். உங்களுக்கு அந்த வசதி இல்லை அண்ணை. அக்காவிட்டைத்தான் சொல்லவேணும்."

சொல்லியிருக்கலாம். ஆனால் கோட்டு போன ஐந்தாம் மாதம் உன் பயணம் சரிவந்தது. உனக்கு இருபது வயது, இங்கே வைத்திருக்கப் பயம், யோசிக்க நேரமில்லை. பெட்டி அடுக்கும்போது அம்மா தன் தகப்பனை நினைத்து இரண்டு தரம் சொன்னாள்: "ஐயாவின்ரை கோட்டு இருந்திருந்தால் பிள்ளைக்குப் போதும்." நீ ஒரு மெல்லிய ஜேர்சியோடு போனாய். உன் முதல் கடிதம் வந்தது. இங்கே பனி முழங்கால் மட்டும் என்றும், சேட்டுக்குள்ளே குளிக்கிற துவாயை நெஞ்சில் சுற்றிக்கொண்டு படுப்பதாகவும், அது பகிடியாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அம்மா அன்று முழுக்கக் கறையானைத் திட்டினாள். பூண்டோடு அழிந்துபோகட்டும் என்றாள்.  என்னால் சேர்ந்து திட்டவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் அந்த லாச்சியைத் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், உன் தகப்பனை அளவுக்கு மீறி நல்லவனாக நினைத்துவிடாதே.

ஆகவே, அம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட மூன்றாம் நாள் காலமை, அவள் தேங்காய் திருவிக்கொண்டிருக்க, பக்கத்தில் போய் நின்றேன்.

"கறையான் இல்லை" என்றேன்.

"அப்ப ஆர்?"

"நான்."

திருவலையிலிருந்து நிமிர்ந்தாள். "நீங்கள் தின்டனீங்களோ?"

"தின்னேல்லை. தலையிலை போட்டனான்."

முழுக்கச் சொன்னேன். அவள் சிரட்டை தெரிகிற மட்டும் திருவிக்கொண்டேயிருந்தாள். அன்றைக்குச் சம்பலில் சிரட்டைத் தூளும் இருந்தது, நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். ஐந்து நாள் என்னோடு கதைக்கவில்லை. "அந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கு" என்று நாயிடம் சொல்வாள். நாய் வந்து என்னைப் பார்க்கும். ஆறாம் நாள் வெளிக்கிட்டு வந்து சைக்கிளின் கரியரைக் காட்டினாள். "மரியதாசின்ரை கடைக்கு ஏத்திக்கொண்டு போங்கோ." ஏழு மைல். பாதி வழியில், என் முதுகுக்குச் சொன்னாள்: "பிள்ளை துவாயைச் சுத்திக்கொண்டு நித்திரை கொண்டவன்."  அந்த ஒரு வசனம் ஏழு மைலுக்கும் காணும், தம்பி. நான் மிதித்துக்கொண்டே அழுதேன். பின்னால் இருந்தவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மரியதாஸ் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கண்டவுடனேயே லாச்சியைத் திறந்து பேணியை எடுத்து வைத்தார். கூடவே ஒரு கடுதாசிப் பொதி. கோட்டின் முதுகுத்துணி முழுசாக, உள்துணி, பொத்தான்கள், ஒன்றையும் எறியாமல் வைத்திருந்தார். அம்மா முதுகுத்துணியை மடியில் விரித்துத் தடவிக்கொண்டு கனநேரம் இருந்தாள். பிறகு கவிழ்த்து வைத்திருந்த முட்டியைக் கண்டாள்.

"இதென்ன தம்பி?"

"இது அண்ணையின்ரை தலை, அக்கா."

அம்மா விரலை மடக்கி அதில் இரண்டு தட்டுத் தட்டினாள். காதைக் கிட்டக் கொண்டுபோனாள். "ஓம், அவரின்ரைதான். உள்ளுக்கு ஒண்டுமில்லை."

மரியதாஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். நான் தைரியம் வந்து தொப்பியை எடுத்து முட்டியின் மேல் வைத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பார்த்தாள். அந்தப் பச்சை நூலை அவளும் கண்டிருக்க வேண்டும். "வடிவாய்த்தான் கிடக்கு" என்றாள். "அதுதான் எனக்கு இன்னும் கோவம்."

தம்பி, கலியாணம் முடிக்கப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது துணியும் இந்த ஒரு விஷயமும்தான். நான் சொன்ன பொய்யால் உனக்குக் குளிர்ந்தது. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், தகப்பன் என்று பார்க்காமல் கேட்கிறேன். எனக்கு வந்த நட்டம் வேறு. ஆறு வருடம் ஒரு வடிவான பொருளை வைத்திருந்தேன், அதை வடிவு என்று சொல்ல ஒரு ஆள் இருக்கவில்லை. அம்மா வெயிலில் சரித்துப் பார்த்த அந்த அரை நிமிடத்தில்தான் அது எனக்கு உண்மையாகத் தொப்பியானது. உனக்குப் பிடித்த ஒன்றை, அது எவ்வளவு விசர்த்தனமானதாக இருந்தாலும், வெட்டுவதற்கு முன்னம் அந்தப் பிள்ளைக்குக் காட்டு. அவள் வேண்டாம் என்பாள். சண்டை பிடியுங்கள். பிறகு இரண்டு பேருமாக வெட்டுங்கள்.

தொப்பி இத்துடன் வருகிறது. கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகிற ஒரு வாத்தியார் அங்கிருந்து தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். உன் தலை என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிது, மரியதாஸ் உள்பட்டியைப் பிரித்து இளக்கியிருக்கிறார். உன் தலை தன் பக்கத்துத் தலை என்று அம்மா சொல்கிறாள், நான் மறுக்கும் நிலையில் இல்லை. நீ கேட்ட பொத்தானைத் தனியாக அனுப்பவில்லை. தொப்பியின் உச்சியில், துணி மூடித் தைத்திருக்கிறதே, அதைத் தொட்டுப் பார். உள்ளே இருப்பது அம்மப்பாவின் கோட்டுப் பொத்தான். பதிவு அலுவலகத்துக்குள்ளே போகும்போது தொப்பியைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றிக் கையில் பிடித்துக்கொள்.

இன்னுமொன்று. நாங்கள் வெளிக்கிடும்போது அம்மா வாசலில் நின்று திரும்பி, "முதுகுத்துணியிலை இன்னொண்டு வருமோ தம்பி?" என்று கேட்டாள். "வடிவாய் வரும் அக்கா, முள்ளும் பொருந்தும்" என்றார் மரியதாஸ். "அப்ப அந்தப் பிள்ளையின்ரை தலை எவ்வளவெண்டு எழுதிக் கேளுங்கோ. அவளுக்கும் குளிருந்தானே. அளவெட்டிப் பிள்ளை, தவிலும் நாதஸ்வரமும் கேக்கிற ஊர், காது நல்லாய்க் கேக்கவேணும், காதை மூடாமல் தைக்கச் சொல்லுங்கோ" என்றாள். என்னோடு கதைத்தாள், தம்பி. நாயோடு அல்ல. அடுத்த நாள் சந்தைக்குத் தானே போய் முட்டிக் கடையில் இன்னொரு தலைக்கு முட்டி வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆகவே நீ ஒரு நூலை எடுத்து, அந்தப் பிள்ளையின் தலையைச் சுற்றி, காதுக்கு மேலால் பிடித்து, அளவில் வெட்டிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. இறுக்கிப் பிடியாதே. உள்ளே ஒரு விரல் போக இடம் விட வேண்டும். அந்த விரல் அவளுடையதாக இருக்கட்டும்.

அப்பா